‘உங்கள் இஷ்டம்’ என்று மட்டும் எழுதாதே

அன்புள்ள மரகதத்துக்கு,

இத்தனை நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் அது விளக்கின் குற்றம். மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கிற காலத்தில் திரியைத் தூண்ட மனசு வரவில்லை. அப்பாவுக்கு ராத்திரி டியூட்டி. பட்டாளத்து ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதால் மொரப்பூர் ஸ்டேஷனில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. பகலிலேயே எழுதியிருக்கலாம். மூன்று தடவை காகிதத்தை எடுத்தேன். மூன்று தடவையும் ‘இங்கு அனைவரும் சவுக்கியம்’ என்பதோடு நின்றுவிட்டது. சவுக்கியம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. காலை பஸ்ஸில் இது போயாக வேண்டும், அதனால் இன்று முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

நேற்று நான் தர்மபுரிக்கு வந்திருந்தேன், உனக்குத் தெரியாது. உன் ஹைஸ்கூலுக்குள்ளேயே வந்தேன். நீ கணக்கு வகுப்பில் இருந்தாய். ஜன்னல் வழியாக உன் பின்னலும், கையை ஊன்றிக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கிற அந்தப் பார்வையும் தெரிந்தது. உன்னைக் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன். அம்மா வந்தும் பார்க்காமல் போனாளே என்று வருத்தப்படாதே. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. நேரில் கேட்டால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். அதில் என்ன பதில் எழுதியிருக்கிறதோ அதையே சொல்வாய். உன்னை அப்படி வளர்த்தவளே நான்தான், எனக்குத் தெரியாதா. அதனால்தான் கடிதம். காகிதத்துக்கு முகம் கிடையாது.

முதலிலிருந்து சொல்கிறேன். நாலாம் பாரத்தில் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும் என்று உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தாள் வந்தது. கோடை விடுமுறை முழுக்க நீ சொல்லிக்கொண்டிருந்தது சரித்திரம். சரித்திரம் எடுக்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு இன்னும் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்காகவே ஒரு கோடு போடாத நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாய். தாளில் கையெழுத்துப் போட நான் போன அன்றைக்கு உன் பெரியப்பாவும் கூட வந்தார். அதியமான்கோட்டையில் அவர் வீட்டில்தான் நீ இருக்கிறாய், அவர் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறாய். அவரை விட்டுவிட்டுப் போக முடியுமா. ஹெட்மாஸ்டர் நல்ல மாதிரியாகத்தான் உட்காரச் சொன்னார். “சரித்திரம் எடுத்தவங்க எல்லாம் பசங்க. பொண்ணுங்க ஏழு பேர்ல ஆறு பேர் தையலுக்குப் போயிட்டாங்க. ஒத்தப் பொண்ணை ஒரு கிளாஸ்ல உட்கார வெக்கற வழக்கம் இங்க இல்லீங்க. துணைக்கு இன்னொரு பொண்ணு இருந்தா நான் தடை சொல்ல மாட்டேன்” என்றார்.

அந்த வழக்கம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணி அடித்தும் நீங்கள் ஏழு பேரும் பெண்கள் அறையிலேயே காத்திருப்பதும், வாத்தியார் வந்து வாசலில் நின்ற பிறகு அவர் பின்னாலேயே வரிசையாக வகுப்புக்குள் போவதும், சுவரோரத்துப் பெஞ்சில் உட்காருவதும், பாடம் முடிந்தால் அவருக்கு முன்னால் வெளியே வந்துவிடுவதும் தினமும் நீ செய்கிற காரியம். ஏழு பேர் நடந்தால் அது வரிசை. ஒருத்தி நடந்தால் அது வேடிக்கை. ஹெட்மாஸ்டர் அதைத்தான் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பக்கத்தில் இருந்த உன் பெரியப்பா, “அதுக்கென்னங்க, தையலே போட்டுடுங்க. சரித்திரம் படிச்சு எந்த ராஜாவைக் கட்டிக்கப் போறா?” என்றார். ஹெட்மாஸ்டர் சிரித்தார். உன் பெரியப்பா சிரித்தார். மரகதம், நானும் சிரித்தேன். இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கி, தையல் என்று எழுதி, கீழே என் பெயரை இங்கிலீஷில் போட்டேன். “கையெழுத்து அச்சு மாதிரி இருக்குதுங்களே” என்றார் ஹெட்மாஸ்டர். காலேஜில் படிந்த கையெழுத்து அது. அதை வைத்துத்தான் உன் பாடத்தை அடித்தேன்.

வீட்டுக்கு வந்து உனக்கு எழுதினேன். மூன்றாம் நாள் உன் கார்டு வந்தது. ‘அம்மா, உங்கள் இஷ்டம். தையலுக்கு ஒரு பெட்டி வேண்டுமாம். பெரியம்மாவுக்குக் கால் வலி தேவலை.’ அவ்வளவுதான். அழுது எழுதியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். இந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு என்னால் சாப்பிட உட்கார முடியவில்லை. ஏனென்றால் அது நீ எழுதின வார்த்தை இல்லை. நான் எழுதின வார்த்தை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மதராஸில் ஒரு ஹாஸ்டல் மேஜையில் உட்கார்ந்து, இதே மாதிரி ஒரு கார்டில், நான் என் அப்பாவுக்கு எழுதியது.

நான் இண்டர்மீடியட் பரீட்சை எழுதாமல் போனதற்கு மலேரியாக் காய்ச்சல் காரணம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு எந்தக் காய்ச்சலும் வரவில்லை. சேலத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த உன் தாத்தா எனக்கு ஒரு கடிதம் போட்டார். நல்ல இடம் வந்திருக்கிறது, தை மாதமே முடித்துவிடலாம், பரீட்சை முடிந்து வைகாசியில் வைத்துக்கொண்டாலும் பிள்ளை வீட்டார் காத்திருக்கச் சம்மதிக்கிறார்கள், உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார். நன்றாகக் கவனி, கேட்டிருந்தார். அந்தக் காலத்தில் எத்தனை அப்பாக்கள் கேட்டார்கள்? நான் இரண்டு நாள் யோசித்து, ‘தங்கள் இஷ்டம்’ என்று எழுதினேன். அதுதான் நல்ல பெண்ணுக்கு அழகு என்று நினைத்தேன். மனசுக்குள், நான் வைகாசியைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிடும் என்றும் நினைத்தேன். அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? தை மாதம் கலியாணம் நடந்தது. மேஜை மேல் இருந்த சரித்திரப் புத்தகங்களைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நீ பிறந்து மூன்றாம் மாதம் உன் தாத்தா உன்னைப் பார்க்க வந்தபோது, பேச்சோடு பேச்சாக, “நீ படிப்புல சலிச்சுப்போயிட்டேன்னுதாம்மா நினைச்சேன். இல்லாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருப்பியே” என்றார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவே இல்லை.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே. அவரும் வைகாசிக்குக் காத்திருந்திருப்பார். அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். குறை அந்தக் கார்டில்தான். யாரும் என் வாயைக் கட்டவில்லை. நானே கட்டிக்கொண்டேன், கட்டிக்கொண்டதற்குப் பெயர் அடக்கம் என்று வைத்துக்கொண்டேன், பிறகு அதே அடக்கத்தை உனக்கும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு சந்தர்ப்பங்கள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. உனக்கும் மறந்திருக்காது.

உனக்குப் பதினொரு வயசு இருக்கும். சித்தேரி மலையிலிருந்து ஒரு குடியானவர் புளி மூட்டைகளை ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்திருந்தார். அப்பா இங்கிலீஷில் அச்சடித்த தாளை நீட்டினார், அவர் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு நின்றார். அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோன நீ, எட்டிப் பார்த்து அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துவிட்டு, “ஐயா, வழியில கெட்டுப்போனாலும் தொலைஞ்சுபோனாலும் உங்க பொறுப்புன்னு இதுல போட்டிருக்குதுங்க” என்றாய். அவர் விரலை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டு, “அப்படியா அம்மிணி? இத்தன வருசமா இதுக்கா நான் கை வெச்சேன்?” என்று கேட்டார். பிறகு அப்பா, பொறுப்பு அனுப்புகிறவருடையது என்றால் கூலி குறைவு, ரயில்காரருடையது என்றால் கூலி கூடுதல் என்று இரண்டு விதமான தாள் இருப்பதைப் பொறுமையாக விளக்க, அவர் மூட்டைகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, எது தனக்குச் சரி என்று தானே சொல்லிக் கை வைத்தார். ராத்திரி அப்பா, “எல்லாருக்கும் இவ படிச்சுச் சொல்ல ஆரம்பிச்சா அப்புறம் வண்டி எப்பக் கிளம்பறது?” என்று கேலியாகத்தான் சொன்னார். நான்தான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெரியவங்க வேலையில் தலையிடாதே என்று அதட்டினேன்.

அதற்கு அடுத்த வருஷம் நம் சின்ன ரயில் நின்றது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு அது ஓடின வரையில் நீ வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போய் வந்தாய். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். நீ ஸ்டேஷனுக்கும் ரயில்வே கேட்டுக்கும் நடந்து நடந்து, தண்டவாளம் பெயர்க்கிற ஆட்கள் என்ன சொன்னார்கள், வெற்றிலைக் கடைக்காரம்மா என்ன சொன்னாள், கடைசி நாள் டிரைவர் இறங்கி நின்று யாரும் சொல்லாமல் எஞ்சினை எப்படித் துடைத்தார் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாய். நான் அதைப் பார்த்துவிட்டு, கணக்கு நோட்டைக் கெடுத்துட்டியே என்று திட்டினேன். நோட்டைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டேன். போன வாரம், உன் கார்டு வந்த அன்றைக்கு, அதை எடுத்து முழுக்கப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், ‘இதை யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்று எல்லோரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வயசில் இதை எழுதினவளை, அவளைக் கேட்காமலே, தையலுக்கு அனுப்பிவிட்டேன்.

தையலை நான் மட்டமாகச் சொல்லவில்லை. உன் ரவிக்கையை எல்லாம் நான்தான் தைக்கிறேன், என்னால் ஒரு பொத்தான் துளையைச் சரியாகப் போட முடியாது என்பது உனக்கே தெரியும். தையல் தெரிந்தவள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒருத்திக்குத் தையல் வேண்டும் என்பதால் அவள் தையல் எடுப்பது வேறு, கூட நடக்க ஆள் இல்லை என்பதால் எடுப்பது வேறு. அதனால் நேற்று மறுபடியும் போனேன். இந்தத் தடவையும் உன் பெரியப்பா கூட வந்தார், நான் மனசு மாறிவிடுவேன் என்ற நம்பிக்கையில்.

“துணைக்குப் பொண்ணு கிடைச்சுதுங்களா?” என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

“கிடைச்சுதுங்க.”

“யார் வூட்டுப் பொண்ணுங்க?”

“சேலத்துப் பொண்ணு. இண்டர்மீடியட் வரைக்கும் படிச்சிருக்கா. பரீட்சைதான் எழுதல.”

அவர் பேனாவைத் திறந்துகொண்டு, “இண்டர்மீடியட் படிச்சவ நாலாம் பாரத்துக்கு எதுக்குங்க? சரி, பேரைச் சொல்லுங்க” என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் பாதி எழுதிவிட்டு நிமிர்ந்தார். உன் பெரியப்பா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“நீங்க ஒத்தப் பொண்ணு கூடாதுன்னீங்க. துணை வேணும்னீங்க. துணைக்கு வயசு சொல்லலீங்க,” என்றேன். “அவளோட பெண்கள் அறையில காத்திருப்பேன். வாத்தியார் பின்னாடி அவளோட வருவேன். பெஞ்சில உட்காருவேன். பேச மாட்டேன். இன்னொரு பொண்ணு எப்ப சரித்திரத்துக்கு வர்றாளோ அன்னிக்கு எழுந்து போயிடுவேன்.”

“பசங்க சிரிப்பாங்களேம்மா.”

“ஒரு வாரம் சிரிப்பாங்க. அப்புறம் பரீட்சை வந்துடும்.”

உன் பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை. “தாயும் மவளும் ஒரே பெஞ்சிலயா? ஊரே சிரிக்கும்மா” என்றார்.

“சிரிக்கட்டுங்க மாமா. அன்னிக்கு நாம மூணு பேரும் இதே ரூம்ல சிரிச்சோமே, அதுக்கு மேலயா சிரிச்சுடப் போறாங்க?” என்றேன். அவர் முகத்துக்கு நேரே நான் இத்தனை வார்த்தை பேசினது இதுதான் முதல் தடவை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இதற்குள் அவர் உன்னிடம் எதையாவது சொல்லியிருந்தால், அதில் பாதியை மட்டும் நம்பு.

ஹெட்மாஸ்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, உன் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும். இரண்டாவது, “அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பொண்ணையே கூப்பிட்டுக் கேட்பேன். அவ வாயால வரணும். நீங்க ஆசைப்படறதுக்கு அவ தலையாட்டக் கூடாது” என்றார். கேட்டதும் சுருக்கென்றது. சரியான இடத்தில் குத்தினார்.

அப்பாவின் சம்மதம் இன்று சாயங்காலம் கிடைத்துவிட்டது. சின்ன ரயில் இல்லாமல் இங்கிருந்து தினமும் வந்து போக முடியாது, நான் அதியமான்கோட்டையிலேயே வந்து இருக்க வேண்டியிருக்கும், எத்தனை மாசமோ தெரியாது என்று சொன்னேன். அவர் தொப்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “களி கிண்டத் தெரியும். குழம்புக்குத்தான் யோசிக்கணும்” என்றார். பிறகு, “அப்ப ரெண்டு முழு டிக்கெட். அவளுக்கும் அரை டிக்கெட் வயசு தாண்டிடுச்சு” என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார். ‘மேற்படி இருவரும் ஒரே பெஞ்சில் பிரயாணம் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதியிருந்தார். பிரயாணத்தை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னேன். மாட்டேன் என்றார். அப்படியே இருக்கிறது.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. நீ பெரியவளான பிறகு உன் பெரியம்மா வாரம் ஒரு வரன் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் தாமதமாக வண்டி திரும்பினால் ரோட்டோரத்தில் நிற்கிறவர்கள் என்னென்ன பேசுவார்கள் என்பதை நான் இப்போதே காதால் கேட்கிறேன். நீ வெட்கப்படுவாய் என்பதும் தெரியும். அம்மாவை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிறவள் என்று உனக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள். வாத்தியார் கேள்வி கேட்கும்போது எனக்குப் பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். அவரே தப்பாகச் சொன்னால் மட்டும் எப்படி இருப்பேன் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது. இவ்வளவும் தெரிந்துதான் சொல்கிறேன், நான் பின்வாங்கப் போவதில்லை. உனக்கு அந்த வகுப்பில் உட்காரும் எண்ணம் இருந்தால், உன் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை என்ற ஒரு காரணத்துக்காக உன்னை யாரும் எழுப்ப முடியாது. உன் பெரியப்பா அல்ல, ஊர் அல்ல, நானும் அல்ல.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இதில் என் ஆசையும் இருக்கிறது. பாதியில் விட்ட பாடத்தை மறுபடியும் காதில் கேட்கலாம் என்று நினைக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதனால்தான் ஹெட்மாஸ்டர் சொன்னது குத்தியது, அதனால்தான் இந்தக் கடிதம். என் ஆசையை உன் தலையில் தூக்கி வைத்துவிட்டு அதற்குப் பெயர் துணிச்சல் என்று சொல்ல நான் தயாராக இல்லை. உனக்கு இப்போது உண்மையாகவே தையல்தான் வேண்டும் என்றால் எழுது. சேலத்திலிருந்து நல்ல பெட்டியாக வரவழைக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லிக் காட்ட மாட்டேன். சரித்திரம்தான் வேண்டும், ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்காருவது மட்டும் வேண்டாம் என்றாலும் எழுது. வேறு வழி தேடலாம், அதற்கும் ஹெட்மாஸ்டரிடம் சண்டை போடத் தெரியும். சரித்திரம் வேண்டும், வாருங்கள் என்றால், வெள்ளிக்கிழமை காலையில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குவேன். உன் சின்ன ரயில் நோட்டு அதில் மேலாக இருக்கும்.

எந்தப் பதிலாக இருந்தாலும் உன் பதிலாக இருக்கட்டும். ‘உங்கள் இஷ்டம்’ என்று மட்டும் எழுதாதே. அதை எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

விலாசம் எழுதின கார்டு ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பெரியம்மாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் நீயே போடு. திங்கட்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா